ஆட்டையாம்பட்டியில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

கைமுறுக்குக்கும் தறிக்கும் பேர்போன ஊர் ஆட்டையாம்பட்டி. எழவு விழுந்த வீட்டில் தறி நின்றுவிடும். எண்ணெய்ச் சட்டியும் இறங்கிவிடும். காரியம் முடியும்வரை எதையும் பொரிக்க மாட்டார்கள். முறுக்கே பிழைப்பு என்றால் அத்தனை நாளும் வரும்படி இல்லை. இப்போது மூன்றாம் நாளே காரியத்தை முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதைப் பார்த்து, "அதுக்குள்ளயா?" என்று முகம் சுளிக்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

"வாங்க" என்று யாரும் கூப்பிடவில்லையே என நினைக்காதீர்கள். துக்க வீட்டில் வரவேற்பு கிடையாது. கிளம்பும்போது "போயிட்டு வர்றேனுங்க" என்றும் சொல்லக்கூடாது. எழுந்து நடந்துவிட வேண்டியதுதான்.

வைத்தியக் கதையைக் கிளறாதீர்கள். "எந்த ஆஸ்பத்திரிங்க? அங்க ஏன் கொண்டு போனீங்க? நேரா சேலத்துக்கே போயிருந்தா பொழச்சிருப்பாருங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால், சுற்றி நாலு பேர் டாக்டராகிவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஆம்புலன்சில் உட்கார்ந்து வந்த மகன் தலையைக் குனிந்துகொள்வான். அக்கறையில் கேட்டதாகத்தான் நாம் நினைப்போம். அவன் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும்.

தொண்ணூறு வயதுப் பெரியவராகவே இருக்கட்டும், "கல்யாணச் சாவுங்க" என்று நாமாகச் சொல்லக்கூடாது. அதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 'ஆர்.ஐ.பி.' என்று மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு, விசாரித்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். உள்ளூரில் இருந்துகொண்டு அப்படிச் செய்தால், வராத கணக்குத்தான்.

செய்ய வேண்டியவை

சேதி கேட்ட அன்றே போய்விடுங்கள். தவறினால் காரியத்துக்கு முன்பாவது போங்கள். செவ்வாய், வெள்ளியில் விசாரிக்கப் போவதைப் பலர் தவிர்ப்பார்கள். ஆண்கள் கையை நீட்டினால் போதும், பேச்சு வேண்டாம். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்வதற்கு மேல் எந்த ஆறுதலும் இல்லை. அழுகிறவரை "அழாதீங்க" என்று அடக்காதீர்கள்.

சும்மா நிற்காமல் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பால் வாங்குவது, சேர் இறக்குவது, விடிந்ததிலிருந்து சாப்பிடாத பிள்ளைகளை நம் வீட்டுக்குக் கூட்டிப் போய் நாலு இட்லி வைப்பது.

மச்சானோ மருமகனோ பார்க்க வேண்டியது இறப்புப் பதிவு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. உயிர் எங்கே பிரிந்ததோ அந்த இடத்தில்தான் பதிவு. வீட்டில் என்றால் ஆட்டையாம்பட்டி பேரூராட்சி. சேலம் பெரியாஸ்பத்திரியில் என்றால் சேலத்தில். இது தெரியாமல் இங்கே வந்து கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. இறந்தவரின் ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பேரும் இனிஷியலும் அதில் உள்ளபடியே இறப்புச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பேங்க் கணக்கு, வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.