எல்லா இழுப்பும் தொய்வா?

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது, வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று நாம் விசாரிப்பது வழக்கம். “எனக்குத் தொய்வு, அது பழைய வருத்தம்” என்று நெஞ்சைத் தடவியபடி ஒரு பெரியவராவது சொல்லாத நாள் குறைவு. யார் சொன்னார்கள் என்று கேட்டால், முகாமில் இருந்தபோது ஒருவர் சொன்னார் என்பார். அல்லது பாமசியில் சொன்னார்கள் என்பார். என்ன பரிசோதனை செய்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இராது. கிளினிக் கொப்பி ஓடி வந்த வழியிலேயே போய்விட்டது.

இப்படி ஒரு கமக்காரரை நாம் அறிவோம். ஐம்பது வயதைக் கடந்தவர். மூன்று மாதமாக இருமலும் இளைப்பும். தொய்வு என்று தாமே முடிவு செய்து குளிசை வாங்கிப் போட்டு வந்தார். போட்ட அன்று கொஞ்சம் சுகம், மறுநாள் பழையபடி. பின்னேரத்தில் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, சாறம் இடுப்பில் நிற்காத மெலிவு. கடைசியில் சளியைப் பரிசோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. அந்த மூன்று மாதமும் அவர் பேரப்பிள்ளைகளோடு ஒரே கொட்டிலில் படுத்திருந்தார்.

இதற்கு நேர்மாறாக, “அடுப்புப் புகையால் வரும் இருமல்தானே” என்று வருடக்கணக்கில் சகித்துக்கொண்ட ஒரு தாயையும் அறிவோம். அவருக்கு இருந்தது உண்மையான தொய்வு. தகுந்த மருந்து கிடைத்த பின்னர்தான் விடியற்காலை நித்திரை என்றால் என்னவென்று தெரிந்தது என்றார்.

தொய்வு என்பது மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாட்பட்டு அழன்று, சிறு காரணத்துக்கும் சுருங்கிக்கொள்ளும் வருத்தம். தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது இறப்பர்க் குழாயை ஒருவர் மிதித்தால் தண்ணீர் குறைகிறது. காலை எடுத்தால் மீண்டும் பாய்கிறது. தொய்வும் அப்படித்தான். கூடும், குறையும், சில நாள் இல்லாமலே போகும். வருடக்கணக்கில் பீடி, சுருட்டுப் புகைத்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வேறு. அது உள்ளே சேறு படிந்து இறுகிய குழாயைப் போன்றது. மருந்தால் ஓரளவு இளகலாம், முற்றாகத் திறக்காது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கூடிக் குறைவது தொய்வின் இயல்பு என்பதால் ஒரு தடவை நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து அதை உறுதி செய்வது கடினம். நீங்கள் கிளினிக்கில் வரிசையில் இருக்கும் நேரத்தில் நெஞ்சு சுத்தமாக இருக்கலாம். அதனால் தொய்வு இல்லை என்று ஆகாது. வேறு வருத்தத்தாலும் இழுப்புச் சத்தம் கேட்கலாம். ஆகவே நோயாளி சொல்லும் கதைதான் முதற் பரிசோதனை. அதைச் சரியாகச் சொல்ல நாம் பழக வேண்டும். “இளைக்குது டொக்டர்” என்பதோடு நிறுத்திவிட்டால் அவரால் அதிகம் செய்ய முடியாது.

எப்போது வருகிறது? இரவிலும் விடியற்காலையிலும் கூடுவது தொய்வின் வழக்கம். எதனால் வருகிறது? தடிமன், குளிர்காற்று, புகை, தூசி, ஓட்டம், சில வேளை பலத்த சிரிப்பு. இழுப்பு, இருமல், இளைப்பு, நெஞ்சிறுக்கம் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வருகின்றனவா? சிறு வயதில் இருந்ததா? தாய், தகப்பன், சகோதரருக்கு உண்டா? அடிக்கடி தும்மல், தோல் கரப்பன் உண்டா? வேலையைப் பற்றியும் மறவாமல் சொல்லுங்கள். சூடடிக்கும் நாட்களிலும் மில்லிலும் கூடி, வேலையில்லாத நாட்களில் குறைந்தால், வேலையிடத்துத் தூசி காரணமாக இருக்கலாம். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை அல்லது நெல்லைக் கிளறிச் சில மணி நேரத்தின் பின் காய்ச்சலும் உடல் நோவும் இளைப்பும் வந்தால், அது தொய்வல்லாத வேறொரு நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். இதைக் கமக்காரர் சொன்னாலன்றி வைத்தியருக்குத் தெரிய வழியில்லை.

நீங்கள் போடும் மருந்துகளையும் கையோடு கொண்டு போங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் எனலாபிரில், கப்டோபிரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அற்றனலோல், புரோப்பிரனோலோல் தொய்வுள்ளவரின் மூச்சைச் சுருக்கக்கூடும். அஸ்பிரின் போன்ற நோவுக் குளிசைகளும் சிலருக்கு ஆகாது. இதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

அடுத்தது அளவை. ஸ்பைரோமெற்றி என்னும் கருவியில் ஊதும்போது, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று பார்ப்பார்கள். பின்னர் சல்பியூட்டமோல் பம்ப் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். வளர்ந்தவருக்கு அந்த அளவு 200 மில்லிலீற்றருக்கு மேலும், முன்னைய அளவில் 12 வீதத்துக்கு மேலும் கூடினால், அது தொய்வுக்குச் சார்பான சான்று. கூடாவிட்டால் தொய்வே இல்லை என்று முடிவு கட்ட முடியாது; வருத்தம் கூடிய வேறொரு நாளில் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். பரிசோதனைக்கு முன் எந்த மருந்தை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று முதலே கேட்டு வையுங்கள். தடுப்பு மருந்தைப் பல நாள் பாவித்த பின் அளவு சாதாரணமாக வரக்கூடும். ஆகவே அவசரம் இல்லாதபோது மருந்து தொடங்குமுன் அளப்பதே மேல். மூச்சு முட்டி வருபவருக்கு முதலில் சிகிச்சை, அளவை பிறகு.

ஸ்பைரோமெற்றி தூரத்து வைத்தியசாலையில்தான் உண்டு என்றால், கையில் பிடித்து ஊதும் பீக் புளோ மீற்றர் உதவும். காலையும் மாலையும் மும்முறை ஊதி, மூன்றில் கூடிய எண்ணை எழுத வேண்டும். ஒருவருக்குக் காலையில் 280, மாலையில் 360 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80, இரண்டின் சராசரி 320, ஆக அன்றைய ஏற்ற இறக்கம் 25 வீதம். இரண்டு வாரத்துக்கு இப்படிக் கணக்கிட்டு, நாட்களின் சராசரி 10 வீதத்துக்கு மேல் வந்தால் வைத்தியர் தொய்வு என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு ஒரு பாரமல்ல.

இவ்வளவு தேவையா, மருந்து தந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2017 இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், முந்திய ஐந்து வருடங்களுக்குள் வைத்தியரால் தொய்வு என்று சொல்லப்பட்ட வளர்ந்தவர்கள் 613 பேரை மீண்டும் முறையாகச் சோதித்தார்கள். அவர்களில் 203 பேருக்கு அப்போது தொய்வு இருந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. சிலருக்குத் தொய்வு என்ற பெயருக்குள் பாரதூரமான வேறு நோய்கள் மறைந்திருந்தன. கருவிகள் நிறைந்த நாட்டிலேயே இப்படியென்றால், முகாமுக்கு முகாம் மாறிய எம்மவர் தம் பழைய பெயரை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதில் என்ன தவறு?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், தொய்வு என்று முன்னர் சொல்லப்பட்டிருந்தாலும், சளிப் பரிசோதனை செய்யுங்கள். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இது இலவசம். காசநோய்க்கான மருந்தும் இலவசம். சளியில் இரத்தம், உடல் மெலிவு, இரவு வியர்வை இருந்தால் இரண்டு வாரம் பார்த்திருக்கவே வேண்டாம். மட்டமாகப் படுக்க முடியாமல் எழுந்திருந்து மூச்சு விடுபவருக்கும், கால் வீங்கியவருக்கும் இருதயத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாத அளவு முட்டு, உதடு நீலம் பாரித்தல், மயக்கம் என்பன வந்தால் உடனே வைத்தியசாலை. கடும் முட்டில் இழுப்புச் சத்தம் திடீரென அடங்குவது சுகம் வந்ததன் அடையாளம் அல்ல. மூச்சு உள்ளே போகவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

ஒரு சிறு கொப்பி வாங்குங்கள். திகதி, இரவில் எழும்பினீர்களா, அன்று என்ன வேலை, என்ன மருந்து, ஊதிய அளவு என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாதவருக்குப் பிள்ளைகள் எழுதட்டும். செய்த பரிசோதனைத் துண்டுகளை அதற்குள்ளேயே ஒட்டி, அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருக்கும் பொலித்தீன் பையில் வையுங்கள். வீட்டை விட்டு அவசரமாக வெளிக்கிடும் நேரத்தில் முதலில் கையில் வருவது அந்தப் பைதான்.