உலோகத்தைக் கேட்டு வாயுவைத் தேர்ந்தெடு

அன்புத் தம்பிக்கு,

டைட்டானியம் உலைக்கு ஆர்கான் கட்டுப்படியாகவில்லை, நைட்ரஜன் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆர்கான் ஒரு விழுக்காடுகூட இல்லை. விலை வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. ஆனால் நன்றாகச் சூடேறிய டைட்டானியம் நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பொன்னிறப் படலம் கட்டும்; உலோகம் வளையும் குணத்தை இழந்து நொறுங்கும். சிர்கோனியமும் அப்படித்தான். லித்தியமோ அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு சேர்ந்துவிடும். இவற்றுக்கு ஆர்கானைத் தவிர்த்துச் சிக்கனம் பார்க்காதே.

தாமிரத்தைப் பதப்படுத்த நைட்ரஜன் தாராளமாகப் போதும். கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்த்தால் மேற்பரப்பு ஆக்சைடு நீங்கிப் பளபளக்கும். ஆனால் அந்தத் தாமிரத்துக்குள் ஆக்சிஜன் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால், உள்ளே புகும் ஹைட்ரஜன் அதோடு சேர்ந்து நீராவியாகும். வெளியேற வழியில்லாத நீராவி உலோகத்தை உள்ளிருந்தே விரிசலாக்கும். டான்டலம், நியோபியம் இரண்டும் ஹைட்ரஜனை உறிஞ்சியே நொறுங்கும். ஆகவே எல்லா உலோகத்துக்கும் பொதுவான பாதுகாப்பு வாயு என்று ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளாதே.

அடுத்தது தூய்மை. 99.999 விழுக்காடு ஆர்கான் என்றால் அதில் மாசு பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் இருக்கும். அது சிலிண்டருக்குள் இருக்கும் கணக்கு. ரப்பர் குழாய் வழியே ஈரமும் காற்றும் கசிந்து உள்ளே வரும். உலோகக் குழாய் போடு. உலையைக் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குவரை வெற்றிடமாக்கி ஆர்கானால் நிரப்பினால், மிஞ்சும் காற்று நூறில் ஒரு பங்கு. இதையே மூன்று முறை செய்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உலையில் கசிவு இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. கசிவுச் சோதனையை முதலில் முடி.

ஒவ்வொரு முறையும் சுத்தமான டைட்டானியத் துண்டு ஒன்றைச் சரக்கோடு வை. வெள்ளி நிறத்தில் வந்தால் வாயு நல்லது. வைக்கோல் நிறம் எச்சரிக்கை. நீலமோ சாம்பலோ ஆனால் காற்று புகுந்திருக்கிறது. உலையை நிறுத்திக் காரணம் தேடு.

கடைசியாக ஒன்று. ஆர்கானுக்கு மணமில்லை, நிறமில்லை. காற்றைவிடக் கனமானதால் குழிகளில் தேங்கும். மூச்சு முட்டும் உணர்வுகூட இல்லாமல் ஆள் மயங்கி விழுவான். ஆக்சிஜன் மீட்டர் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் நீயும் இறங்காதே, உதவியாளரையும் இறங்கவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்