கடன் கப்பலில் தொடங்கு

ஹந்தானை, கண்டி

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய நாற்பது பக்கத்தையும் இரண்டு இரவில் படித்து முடித்தேன். பன்னிரண்டு கிரகம், மூன்று பேரரசு, ஆயிரம் வருஷத்துப் போர். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து, வரைபடமும் போட்டிருக்கிறாய். உழைப்பு தெரிகிறது. ஆனால் கண்ணு, இது நாவலுக்கான வேலை. கேம்பஸ் சிநேகிதர்கள் ஐந்து பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, விண்வெளிக் கதை ரோல்பிளேயிங் ஆட்டம் ஒன்றை மாதக்கணக்கில் நடத்தப்போகிறேன் என்றல்லவா சொன்னாய்? நாவலின் முடிவு எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்கலாம். இந்த ஆட்டத்தின் முடிவு உனக்கும் தெரியக் கூடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எண்பதுகளில் லண்டனிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே கறுப்பு அட்டை போட்ட மூன்று மெல்லிய புத்தகங்கள். மார்க் மில்லர் 1977இல் எழுதிய 'டிராவலர்' ஆட்டம் அது. நான் ஒரு மாதம் உட்கார்ந்து முழுக் கதையையும் எழுதினேன்: மூன்றாம் நாள் ஆளுநரின் மகள் கடத்தப்படுவாள், ஐந்தாம் நாள் மீட்கப்படுவாள். வந்த நாலு பேரும் முதல் துறைமுகத்திலேயே நின்றுவிட்டார்கள். எஞ்சினுக்கு ஒரு உதிரிப் பாகம் வேண்டும், கையில் காசு இல்லை. அதை யாரிடம் கடன் சொல்லி வாங்குவது என்று ராத்திரி பதினொரு மணி வரை வாதாடினார்கள். நான் அவர்களை என் கதைக்குள் இழுத்து இழுத்துப் பார்த்தேன். நாலாம் நாள் இரண்டு பேர்தான் வந்தார்கள். அந்த உதிரிப் பாகம்தான் ஆட்டம் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது, அதை நீ நிதானமாகப் பார்க்க வேண்டும். கப்பல் வாங்கப் பணம் இல்லாதவன் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முற்பணமாகக் கட்டுகிறான். பிறகு மாதாமாதம் விலையின் 240இல் ஒரு பங்கு, 480 மாதத்துக்கு. நாற்பது வருஷம்! கணக்குப் பார்த்தால் முற்பணம் போக, விலையைப் போல இரண்டு மடங்கு கட்டி முடிக்கிறான். கதை சொல்ல யாரும் தேவையில்லை; மாத முடிவு வந்தால் கப்பல் தானாகக் கிளம்பும். சரக்கு தேடும், சந்தேகமான ஆளையும் ஏற்றிக்கொள்ளும், போகக் கூடாத இடத்துக்கும் போகும்.

அதை வாசித்தபோது எனக்கு என் பாட்டன் ஞாபகம்தான் வந்தது. தோட்டத்தில் துண்டு என்று ஒரு காகிதம் இருந்ததாம். கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கடனும் அவர்கள் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். அமெரிக்கர் ஒருவர் விளையாட்டுக்காக யோசித்த கடன் கப்பலில் நம் ஆட்கள் நிஜமாகவே பயணம் செய்திருக்கிறார்கள். உன் பேரரசுகளை அலுமாரியில் வை. அந்தத் துண்டை எடுத்து ஒரு கப்பலின் மேல் ஒட்டு.

ஒரு கிரகம் போதும். அதற்கும் தூரம் போகத் தேவையில்லை. 1869இல் இந்த மலைநாடு முழுக்கக் கோப்பி. அந்த வருஷம் ஒரு தோட்டத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தவன் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் அப்பியிருப்பதைக் கண்டான். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், காற்றடித்தால் பக்கத்து மலைக்குப் போய்விடும். நீ தினமும் கடந்து போகிற பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக அப்போது இருந்த துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி, நிறுத்த முடியவில்லை. இருபது வருஷத்துக்குள் கோப்பி போயே போய்விட்டது. ஆனால் 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டு வைத்திருந்தார்.

இதை அப்படியே வானத்துக்குத் தூக்கு. ஒரே பயிரை நம்பி ஒரு குடியேற்றக் கிரகம். தூரத்திலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவந்த கூலிகள். இலையின் அடியில் முதல் செம்மஞ்சள் பொட்டு. உன் ஐந்து பேரின் கப்பல் அன்றைக்குத்தான் அங்கே இறங்குகிறது, களஞ்சியத்தில் அந்தப் பயிரின் விதை மூட்டைகளோடு. சரக்கை இறக்கினால் தவணை கட்டலாம். இறக்கலாமா? அவ்வளவுதான் நீ எழுத வேண்டியது. அங்கே சின்னதாக ஒரு நிலத்தில் வேறு எதையோ நட்டு வைத்திருக்கும் ஆள் ஒருவனையும் போட்டு வை. அவனை அவர்கள் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

ஆர்தர் சி. கிளார்க்கும் இங்கே இருக்கும் ஒரு மலையிலிருந்துதான் தொடங்கினார். 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் சிவனொளிபாதமலையை நினைவூட்டும் மலையுச்சியிலிருந்து வானத்துக்கு லிஃப்ட் கட்டுகிறார்கள். அதற்குப் பூமத்திய ரேகை வேண்டும் என்பதால் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார்! உனக்கும் அந்த உரிமை உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய தெல்தெனிய நகரம் கடும் வரட்சியில் தலைகாட்டும் அல்லவா? அதையும் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்.

விதிகளைப் பற்றி அதிகம் யோசிக்காதே. இரண்டு பகடை போதும். கூட்டுத்தொகை 8 அல்லது மேலே வந்தால் வெற்றி என்று வைத்தால் 36இல் 15 தடவைதான் விழும். பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவில்தான் மேசையில் மூச்சுப் பிடிப்பார்கள். ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால் 21 ஆகிவிடும். ஆகவே திறமைக்கு ஒன்று, நல்ல கருவிக்கு ஒன்று, அதற்கு மேல் கொடுக்காதே. தோற்றாலும் கதவு மூடக் கூடாது: எஞ்சின் திருத்தப்படும், ஆனால் நேரம் போகும்; காவலாளி விடுவான், ஆனால் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வான்.

முதல் நாள் ஆட்டமே ஆடாதே. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து ஆளுக்கொரு கேள்வி கேள். இந்தக் கப்பலுக்கு நீ எப்படி வந்தாய்? யாருக்குக் கடன்? கப்பலில் எந்த மூலை உன்னுடையது? அவர்கள் சொல்வதை ஒரு சீ.ஆர். கொப்பியில் அவர்கள் வார்த்தையிலேயே எழுது. உன் மேசையில் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளையும் இருக்கிறார்கள் என்றாய். நல்லது. யாருக்கு எந்த மொழி வாயில் வருகிறதோ அதில் பேசட்டும், கப்பலுக்கும் மூன்று பெயர் இருக்கட்டும்.

இதையும் அன்றைக்கே கேட்டுவிடு: எதை இந்த மேசைக்குக் கொண்டுவரக் கூடாது? நான் சொன்ன கிரகத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர்களிடம் ஒரு நாள் நீங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று காகிதம் நீட்டலாம். 1948இல் நமக்கு நீட்டினார்கள். 1964இல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தன. கண்டி ஸ்டேஷனில் தலைமன்னார்க் கோச்சி ஏறப் போனவர்களை, பிளாட்ஃபாரத்தில் நின்று கையை விடாமல் அழுதவர்களை, நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது 2003இல். இது எனக்குக் கதை ஆக நாற்பது வருஷம் ஆனது. உன் மேசையில் ஒருவருக்கு இன்னும் ஆகியிருக்காது. வேறொருவருக்கு வேறொரு வருஷம் அப்படி இருக்கும். காரணம் கேட்காதே. வேண்டாம் என்றால் எடுத்துவிடு. நடுவில் ஒருவர் கையைத் தூக்கினாலும் அந்தக் காட்சியை அங்கேயே நிறுத்து.

நாள் விஷயம். ஆட்டங்கள் சாவது பெரும்பாலும் நாள் குறிக்காததால்தான். பௌர்ணமிப் போயா நாளை வைத்துக்கொள். மாதம் ஒன்று, எல்லாருக்கும் லீவு, யாரும் மறக்க முடியாது. எசல பெரஹரா காலத்தில் மட்டும் டவுனுக்குள் வைக்காதே, ஊர்வலத்துக்கு ரோட்டை மூடினால் வீடு போய்ச் சேர மாட்டீர்கள். ஐந்தில் மூன்று பேர் வந்தாலும் ஆடு. வராதவர் கப்பலில் காய்ச்சலாகப் படுத்திருக்கட்டும்.

அமைதியாக இருக்கும் பிள்ளையைக் கவனி. ஐந்து பேரில் ஒருத்தி அப்படி இருப்பாள். அவளிடம் "என்ன செய்கிறாய்?" என்று கேட்டால் திகைப்பாள். "இலையை நீ திருப்பிப் பார்க்கிறாய், விரலில் என்ன ஒட்டுகிறது?" என்று கேள்.

கறுப்புப் பெட்டியையும் இரண்டு பகடையையும் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியின் ஒரு மூலை பிய்ந்திருக்கும், ரப்பர் பட்டியைக் கழற்றாதே. வரும் போயாவுக்கு நான் வீட்டில்தான். ஆள் குறைந்தால் ஒரு கோல் போடு. எஞ்சின் அறையில் எனக்கு ஒரு வேலை கொடு.

அன்புடன்,
உன் மாமா