5 நிமிடம், 100 ஸ்னாட்ச்: தோட்டத்திலிருந்து கெட்டில்பெல் பயிற்றுநர் சான்றிதழ் வரை

செம்பனைக் குலையைக் கம்பியால் குத்தி லாரியில் ஏற்றுகிறவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கையால் தூக்குவதில்லை. குலை முழங்கால் அருகே தாழும்போது இடுப்பு பின்னால் போகிறது. அடுத்த கணம் இடுப்பு வெட்டி முன்னால் வர, 20 கிலோ குலை மேலே ஏறிவிடுகிறது. கெட்டில்பெல் பயிற்சியின் உயிர்நாடியும் இந்த இடுப்பு வெட்டுதான். அதனால்தான் கெடாவின் பண்டார் பாரு மாவட்டத்துச் செர்டாங்கிலும் கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலும் வளர்ந்த பிள்ளைகளிடம் கெட்டில்பெல் பயிற்றுநர் சான்றிதழைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறேன்.

கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்து, பிறகு பலம் காட்டும் கருவியானது. ‘பூட்’ என்ற பழைய ரஷ்ய அளவு ஏறக்குறைய 16 கிலோ. இன்றும் 16, 24, 32 என்று குண்டுகள் வருவதற்கு அதுதான் காரணம். சோவியத் நாட்டில் பிறந்த பாவெல் சாட்சூலின் 2001-இல் அமெரிக்காவில் ஆர்.கே.சி. என்ற பயிற்றுநர் சான்றிதழைத் தொடங்கிவைத்தார். 2012-இல் ஸ்ட்ராங்ஃபர்ஸ்ட் என்ற தனி அமைப்பையும் நிறுவினார். இரண்டிலும் எல்லாரும் அஞ்சுவது ஸ்னாட்ச் தேர்வைத்தான். 5 நிமிடத்தில் 100 முறை, ஒற்றைக் கையால், குண்டைக் கால்களுக்கு இடையிலிருந்து தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வழக்கமான எடை ஆண்களுக்கு 24 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ. உடல் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப இது மாறும். பதிவு செய்யும் முன் நடப்பு விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்காமல் குண்டைத் தொடாதீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயதுவந்த இந்தியர்களில் 100-க்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18. ஒவ்வொரு தோட்டத்திலும் முறையாகப் பயின்ற ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைப்பது இதனால்தான்.

பிறகு 12 வாரம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே உடல் பழகியவருக்கு இது போதும். புதிதாகத் தொடங்குகிறவர் 6 மாதம் எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் 4 வாரம் ஸ்னாட்ச் கிடையாது. இடுப்பு வெட்டால் குண்டை முன்னால் வீசும் ஸ்விங்கும், படுத்த நிலையிலிருந்து குண்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி எழும் கெட்-அப்பும் மட்டும். வாரம் 3 நாள், 10 ஸ்விங் வீதம் 10 சுற்று. ஒரு பக்கத்துக்கு 5 கெட்-அப். ஆண்கள் 16 கிலோவிலும் பெண்கள் 8 அல்லது 12 கிலோவிலும் தொடங்கலாம். முதுகு வளையக் கூடாது. ஸ்விங்கில் தோளால் தூக்கினால் மறுநாள் தோள் வலிக்கும். சரியாகச் செய்தால் பின்தொடையும் பிட்டமும் வலிக்கும். எங்கே வலிக்கிறது என்பதை வைத்தே உங்கள் தப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்த 4 வாரம் ஸ்னாட்ச். இங்கே அவசரப்படாதீர்கள். குண்டு உடம்பை ஒட்டி ஏறவேண்டும். முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகக் கூடாது. குண்டு முக உயரத்துக்கு வரும்போது பிடியைத் தளர்த்தி, கையை மேல்நோக்கிக் குத்துங்கள். அப்போது குண்டு மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக வந்து அமரும். பிடியை இறுக்கியே வைத்திருந்தால் முன்கையில் அறைந்து நீலம் பாய்ந்துவிடும். கர்லாக்கட்டை சுழற்றிப் பழகியவர்களுக்கு இந்தத் தளர்வு சீக்கிரம் கைவரும். மேலே கை முழுதாக நீண்டு ஒரு கணம் நிற்கவேண்டும். நிற்காதது கணக்கில் சேராது. பயிற்சிக்கு, நீங்கள் தொடங்கிய அதே எடைக் குண்டில் ஒவ்வொரு நிமிடமும் இடது 5, வலது 5 என்று 10 நிமிடம் செய்யுங்கள்.

உள்ளங்கைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். பல பேர் தோற்பது மூச்சால் அல்ல, தோலால். குண்டு இறங்கும்போது மோதிர விரலின் அடியில் தோல் மடிந்து, கைப்பிடிக்கும் சதைக்கும் நடுவே சிக்கும். காய்ப்பு தடித்திருந்தால் அந்த மடிப்பு அப்படியே பிய்ந்து வந்துவிடும். எனக்கு ஒருமுறை 60-ஆவது தூக்கில் 5 காசு அளவுக்குத் தோல் உரிந்து, பத்து நாள் பயிற்சி போனது. கைப்பிடியை உள்ளங்கையில் ஆழமாகப் பிடிக்காமல் விரல்களின் கொக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை, குளித்த பிறகு, பாதம் தேய்க்கும் கல்லால் காய்ப்பைத் தேய்த்துச் சமமாக்குங்கள். இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

கடைசி 4 வாரத்தில் தேர்வு எடைக்கு மாறுங்கள். 100 தூக்கை நிமிடத்துக்கு 20 என்று பிரித்துக்கொண்டால், இடது 10, வலது 10 முடிய ஏறக்குறைய 45 விநாடி ஆகும். மிச்சம் 15 விநாடி மூச்சுக்கு. முதல் வாரம் இப்படி 2 நிமிடம், பிறகு 3, பிறகு 4 என்று ஏற்றுங்கள். முழுத் தேர்வை வீட்டில் ஒரே ஒரு முறை, கிளம்புவதற்கு 10 நாள் முன்பு செய்துபாருங்கள். கடைசி வாரம் கையும் முதுகும் ஆறட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை கெடாவில் வெயில் கொளுத்தும். அந்த மாதங்களில் பால் வெட்டுக்குப் போகிறவர்களைப் போல விடியுமுன் தொடங்கிவிடுங்கள்.

தூக்குவது மட்டும் போதாது. ஸ்விங், கெட்-அப், கிளீன், பிரஸ், ஃபிரண்ட் ஸ்குவாட், ஸ்னாட்ச் ஆகிய ஆறு அசைவுகளின் நேர்த்தியையும், நீங்கள் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் விதத்தையும் பார்த்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். ஆகவே இப்போதே இரண்டு பேரைப் பிடித்துக் கற்றுக்கொடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் “இடுப்பை மடக்குங்கக்கா” என்று நாலு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் முட்டியைத்தான் மடக்கினார். பிறகு, “ரெண்டு கையிலயும் மார்க்கெட் பை இருக்கு. கார் கதவைப் பின்னால எப்படித் தள்ளிச் சாத்துவீங்க?” என்றேன். உடனே சரியாக வந்தது. “இத முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி!” என்றார். ஒரு நேரத்தில் ஒரு தப்பை மட்டும் திருத்துங்கள். அவர் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்து ஓர் உதாரணத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

தேர்வு நாளில் இரண்டு மணி நேரம் முன்பே பசியாறிவிடுங்கள், அதுவும் அளவாக. புதிய உணவு எதையும் அன்றைக்குச் சோதிக்க வேண்டாம். முதல் நிமிடத்தில் உடம்பு 28, 30 என்று ஓடத் துடிக்கும், 20-இல் நிறுத்துங்கள். கையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பிடி வழுக்கினால் குண்டைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, மூன்று மூச்சு விட்டுவிட்டு எடுங்கள். நாலாவது நிமிடம்தான் கடினம். அப்போது எண்ணை 1-இலிருந்து 10 வரை மட்டும் எண்ணுங்கள், மறுபடி 1.