ஓரத்தில் இருந்த வயலின்

வயலினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாட்டுங்காவில் ஷண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. அங்கே பாட்டுக் கச்சேரி நடக்கும்போது மேடையைக் கவனியுங்கள். நடுவில் பாடகர் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் மிருதங்கம். மறுபக்கம் வயலின். பாடகர் ஒரு வரி பாடுவார். வயலின்காரர் அதைப் பின்தொடர்ந்து வாசிப்பார். பாடகர் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். இதற்குப் பக்கவாத்தியம் என்று பெயர்.

தாராவியில் நாங்கள் நடத்தும் இரவு வகுப்பில் ஓர் அக்கா இதைப் பற்றிக் கேட்டார். "அவரும் நல்லாத்தானே வாசிக்கிறார்? அவர் மட்டும் தனியா வாசிக்கக் கூடாதா தம்பி?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை 70 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். அவர் பெயர் வி. லட்சுமிநாராயணா. அவருடைய மகன் எல். சுப்பிரமணியம். இந்தப் பாடம் அந்த மகனைப் பற்றியது.

வயலின் நம் ஊர் வாத்தியம் அல்ல. ஐரோப்பாவில் பிறந்தது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்களோடு சென்னைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டார். நம் பாட்டை அதில் வாசித்துக் காட்டினார். ஐரோப்பியர் வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து வாசிப்பார்கள். நம்மவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வயலினின் தலையைக் கால் மேல் சாய்த்தார்கள். கை சுலபமாக ஓடியது. பாட்டில் வரும் வளைவும் அசைவும் அப்படியே வந்தன. இந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர்.

வயலின் ஒரு குடும்பம். அதில் மூத்தவரும் உண்டு, இளையவரும் உண்டு. வயலின்தான் கடைக்குட்டி. இரண்டு அடி நீளம் இருக்கும். கீச்சென்று உயர்ந்த குரல். அடுத்தது வியோலா. அதற்கு மூத்தது செல்லோ. நான்கு அடி உயரம் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். பெரியவர் ஒருவர் நிதானமாகப் பேசுவது போன்ற குரல். எல்லாவற்றுக்கும் நான்கு தந்திகள்தான். எல்லாவற்றையும் குதிரைவால் முடி கட்டிய வில்லால் தேய்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

இப்போது மனிதர்களிடம் வருவோம்.

சுப்பிரமணியம் 1947 ஜூலை 23 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தார். அம்மா சீதாலட்சுமி பாடுவார், வீணை வாசிப்பார். அண்ணன் வைத்தியநாதன். தம்பி சங்கர். மூன்று பிள்ளைகளும் அப்பாவிடம் வயலின் கற்றார்கள். அப்பாவுக்கு மனதில் ஓர் ஆசை இருந்தது. நம் வயலின் மேடையின் நடுவுக்கு வர வேண்டும். உலகம் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்காருபவருக்கு அந்தக் காலத்தில் மரியாதையும் குறைவு, சன்மானமும் குறைவு. கல்யாணச் சமையலுக்குப் போகும் அண்ணாச்சிக்கு இது புரியும். சாப்பாடு நன்றாக இருந்தால் பேர் வீட்டுக்காரருக்குத்தான்.

1958-இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக இனக்கலவரம் வெடித்தது. வீடுகள் எரிந்தன. பலர் கொல்லப்பட்டார்கள். கலவரம் என்றால் என்ன என்று தாராவியில் இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992, 1993-இல் நாமே பார்த்தோம். லட்சுமிநாராயணா குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்தார். அப்போது சுப்பிரமணியத்துக்கு வயது 10. வேலை போயிற்று, ஊர் போயிற்று. கற்ற வித்தை கையில் இருந்தது.

சென்னையில் அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து வயலின் கச்சேரி செய்தார்கள். நடுவில் பாடகர் இல்லை. மூன்று வயலின்கள் மட்டும்! சுப்பிரமணியம் பெரிய பாடகர்களுக்குப் பக்கவாத்தியமும் வாசித்தார். செம்பை வைத்தியநாத பாகவதருக்கு வாசித்தார். அது அவருக்குப் பெரிய பள்ளிக்கூடம். பின்தொடரத் தெரியாதவருக்கு முன்னால் போகவும் தெரியாது என்பது என் எண்ணம்.

இசை சோறு போடுமா? எல்லா வீட்டிலும் வரும் கேள்வி இது. சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். எம்.பி.பி.எஸ். படித்து டாக்டர் ஆனார். டாக்டர் ஆன பிறகும் வயலினை விடவில்லை. 1970-களில் அமெரிக்காவுக்குப் போனார். மருத்துவத்தில் மேல்படிப்புக்கு அல்ல. கலிபோர்னியாவில் மேற்கத்திய இசை படிக்கப் போனார். அதில் முதுகலைப் பட்டம் பெற்றார். டாக்டர் வேலையை விட்டுவிட்டார். நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

அங்கே அவர் கற்றவற்றில் முக்கியமானது ஒன்று உண்டு. இசையை எழுதுவது.

நம் இசை பெரும்பாலும் காதால் கற்பது. குரு பாடுவார், சீடர் திருப்பிப் பாடுவார். ச ரி க ம என்று எழுதி வைப்பதும் உண்டு. ஆனால் கமகம் எழுத்தில் முழுதாக வராது. மேற்கத்திய இசைக்குழு வேறு மாதிரி. ஆர்கெஸ்ட்ரா என்பார்கள். பெரிய குழுவில் 100 பேர் வரை இருப்பார்கள். வயலின்கள், செல்லோக்கள், குழல்கள், எக்காளங்கள், முரசுகள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தாள் இருக்கும். தாளில் ஐந்து கோடுகள். கோடுகளின் மேலும் நடுவிலும் புள்ளிகள். புள்ளி மேலே இருந்தால் உயர்ந்த சுரம், கீழே இருந்தால் தாழ்ந்த சுரம். புள்ளியின் வடிவத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் வாசிப்பது என்று அறிவார்கள். நடுவில் ஒருவர் நின்று கையால் வழிகாட்டுவார். அவர் நடத்துநர்.

ஒருவர் மனதில் ஒரு பாட்டு இருக்கிறது. அதை அவர் அறியாத நாட்டில், அறியாத 100 பேர் வாசிக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ராகம் தெரியாது. எழுத்து இல்லாமல் இது நடக்குமா? செல்லோ வாசிப்பவருக்கு ஒரு தாள், குழல் ஊதுபவருக்கு வேறு தாள் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

சுப்பிரமணியம் அப்படி எழுதினார். ஒரு படைப்பு வேத மந்திரங்களைக் கொண்டது. வேதம் ஓதும்போது குரல் சில சுரங்களுக்குள்ளேயே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எடுத்து ஆர்கெஸ்ட்ராவுக்கும் வயலினுக்கும் இசை அமைத்தார். 1985-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழு அதை வாசித்தது. 1842-இல் தொடங்கிய குழு அது. வயலின் வாசித்தவர் சுப்பிரமணியமே. மேடை ஓரத்தில் அல்ல, குழுவுக்கு முன்னால்.

அன்று குழுவை நடத்தியவர் யார் தெரியுமா? நம் பம்பாய்க்காரர், ஜுபின் மேத்தா! பார்சி குடும்பம். 1936-இல் இங்கே பிறந்தவர். அவருடைய அப்பா மேலி மேத்தாவும் வயலின்காரர். 1935-இல் பம்பாயில் ஒரு சிம்பொனிக் குழுவைத் தொடங்கியவர். ஜுபினும் இங்கே சேவியர் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்காகத்தான் சேர்ந்தார். பாதியில் விட்டு, 18 வயதில் வியன்னா நகருக்கு இசை கற்கப் போனார். அவர் மருத்துவத்தைப் பாதியில் விட்டவர். சுப்பிரமணியம் முடித்துவிட்டு விட்டவர்.

எழுதும்போது ஒரு சிக்கல் வரும். குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். நம் இசையிலோ அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் அழகு. அதை மனோதர்மம் என்பார்கள். அதனால் சுப்பிரமணியம் சில இடங்களில் தன் வயலினுக்கு மட்டும் எழுதாமல் இடம் விட்டார். ஒவ்வொரு நாளும் அந்த இடம் வேறு மாதிரி ஒலிக்கும்.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. 1988-இல் 'சலாம் பாம்பே' என்ற படம் வந்தது. மீரா நாயர் எடுத்தது. பம்பாய்த் தெருவில் டீ கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பையனின் கதை. ஊருக்குத் திரும்ப அவனுக்கு 500 ரூபாய் வேண்டும். அவனுக்கு எழுதத் தெரியாது. அம்மாவுக்குக் கடிதம் அனுப்ப, கடிதம் எழுதிக் கொடுப்பவரிடம் போகிறான். தெருப் பிள்ளைகளே அந்தப் படத்தில் நடித்தார்கள். அதற்கு இசை அமைத்தவர் சுப்பிரமணியம். பெரிய அரங்கங்களில் வாசித்த அதே வயலின் அந்தப் பையனுக்காகவும் அழுதது.

அப்பா லட்சுமிநாராயணா 1990-இல் காலமானார். அவர் நினைவாக மகன் 1992 முதல் ஓர் இசைவிழா நடத்தி வருகிறார். மனைவி விஜி 1995-இல் இறந்தார். 1999-இல் சுப்பிரமணியம் கவிதா கிருஷ்ணமூர்த்தியை மணந்தார். அவர் பாடிய இந்திப் பாட்டுகள் மும்பையில் கேட்காத தெரு இல்லை. சுப்பிரமணியத்துக்கு 1988-இல் பத்மஸ்ரீ, 2001-இல் பத்மபூஷண், 2025-இல் பத்மவிபூஷண் விருதுகள் கிடைத்தன. மகன் அம்பி இப்போது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசிக்கிறார். இருவரும் மாறி மாறி முன்னால் போகிறார்கள்.

படித்துப் பதில் சொல்லுங்கள்

பக்கவாத்தியம் என்றால் என்ன?

சுப்பிரமணியத்தின் குடும்பம் ஏன் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது?

ஆர்கெஸ்ட்ராவில் இசையை ஏன் எழுத வேண்டியிருக்கிறது?

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ பாடிய தாலாட்டு நினைவிருக்கிறதா? நான்கு வரிகளை நோட்டில் எழுதுங்கள். வகுப்பில் இன்னொருவரிடம் கொடுத்து, படித்துப் பாடச் சொல்லுங்கள்.