குடும்பத்தோடு கறிச்சாப்பாடு: அசைவ ஓட்டலுக்குப் போகும் முறை

பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டியும், அரியலூர், ஜெயங்கொண்டம் கடைத்தெருக்களிலும் ஏ.சி. அறையும் அச்சடித்த மெனு கார்டுமாக அசைவ ஓட்டல்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு போனால் மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய செலவுதான். செலவுக்கேற்ற சாப்பாடு கிடைப்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எப்போது போகிறோம், என்ன கேட்கிறோம்.

1. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்தில் செவ்வாய், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் கறி தொடாத குடும்பங்கள் நிறைய. அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி மாதம் இவையும் அப்படித்தான். அந்த நாள்களில் கறி அதிகம் விற்காது என்பதால் ஓட்டலில் குறைவாகவே சமைப்பார்கள். முந்தின நாள் மிச்சம் தட்டுக்கு வரவும் வாய்ப்பு உண்டு. ஞாயிறும் புதனும் கறி ஓடும் நாள்கள். ஞாயிறு என்றால் பகல் 12.30 மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் சுக்காவும் ஈரலும் தீர்ந்திருக்கும், பரிமாறுகிறவரும் களைத்திருப்பார். காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் போன்ற நாள்களில் இறைச்சிக் கடைகள் அடைப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவது நல்லது. நண்பகலில் நடை சாத்துவார்கள். அந்த நேரத்துக்கு ஜெயங்கொண்டம் வந்தால் சாப்பாடு சூடாகக் கிடைக்கும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பொதுவாகத் திங்கள், வெள்ளியில்தான் திறந்திருக்கும். அந்தப் பயணத்தோடு கறிச்சாப்பாட்டைச் சேர்ப்பதா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. உள்ளே நுழைந்ததும் மூன்றைப் பாருங்கள்

உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும். மேசைகளில் பாதியாவது நிரம்பியிருக்க வேண்டும். ஆட்கள் வந்துபோகும் கடையில்தான் சரக்கு தேங்காது. முதியவர்களை அழைத்து வந்தால் படியேறாத இடத்தில் உட்காருங்கள்.

3. பரிமாறுகிறவரிடம் கேளுங்கள்

மெனு கார்டில் நூறு அயிட்டம் இருக்கலாம். அன்றைக்கு நன்றாக இருப்பவை சிலதான். “அண்ணே, மட்டன் இன்னைக்கு அடிச்சதா? வெள்ளாடா, செம்மறியா? இப்ப எது சூடா இருக்கு?” என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் உண்மையைச் சொல்வார்கள். சிறிய வெங்காயம் பெருமளவில் விளையும் மாவட்டம் பெரம்பலூர். வறுவலில் சிறிய வெங்காயம் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால் மசாலாவில் இனிப்பு ஏறி, காரம் தணிந்து நிற்கும்.

4. கறியின் பாகம் அறிந்து சொல்லுங்கள்

ஆட்டின் முதுகுப்புறம் அதிகம் வேலை செய்யாத தசை. அங்கிருந்து வரும் சாப்ஸ் சீக்கிரம் வெந்து மென்மையாக இருக்கும். தொடைக்கறி சதைப்பற்றானது, சுக்காவுக்கு ஏற்றது. கழுத்து, நெஞ்செலும்பு, கால் ஆகியவற்றில் இணைப்புத் திசு அதிகம். நீரில் நெடுநேரம் வெந்தால் அது கூழாகக் கரைந்து குழம்புக்குத் திடம் தரும். அதனால் இவற்றைக் குழம்பாகவோ பாயாவாகவோ கேளுங்கள். சுவரொட்டியும் ஈரலும் அதிகம் வெந்தால் இறுகிவிடும். தட்டில் போட்டதும் சாப்பிட வேண்டும்.

இதே விதிதான் வெளிநாட்டு ஸ்டேக் கடையிலும். மாட்டின் முதுகுத் தசையைத் தடிமனாக வெட்டி நெருப்பில் சுடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ அங்கே அழைத்துப் போனால், எவ்வளவு வேக வேண்டும் என்று முதலில் கேட்பார்கள். ‘ரேர்’ என்றால் உள்ளே சிவப்பு, ‘மீடியம்’ என்றால் இளஞ்சிவப்பு, ‘வெல் டன்’ என்றால் முழு வேக்காடு. துண்டின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் எட்டி, மூன்று நிமிடம் ஆறவைத்தால் பாதுகாப்பானது என்பது அந்நாட்டு வேளாண் துறையின் அளவு. கோழிக்கு அது 74 டிகிரி. நம் ஊர் கிரில் சிக்கனிலும் எலும்போரம் ரத்தம் தெரிந்து, சதை வேகாமல் இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது நோய்க்கிருமி அபாயத்தால்தான். குழந்தைகளுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

5. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்

நான்கு பேருக்கு இரண்டு மீல்ஸ், ஒரு மட்டன் பிரியாணி, ஒரு நாட்டுக்கோழி வறுவல், ஒரு சுக்கா என்று தொடங்கினால் போதும். மீல்ஸில் கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு வரும். ரசமும் மோரும் பின்னால் வரும். மீன் விலை ‘சைஸ்படி’ என்று எழுதியிருந்தால் மீனைப் பார்த்து, விலை கேட்டு, பிறகு சொல்லுங்கள். மீந்த வறுவலைப் பார்சல் கட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

6. பில்லைப் படித்துப் பணம் கொடுங்கள்

சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 எனப் பிரித்து எழுதியிருப்பார்கள். தொகுப்புத் திட்டத்தில் பதிந்த சிறிய ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. பில்லிலும் அதைக் குறிப்பிட வேண்டும். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் அது இருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தால் சமையல்கட்டு வரை போய்ச் சமைத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். குறை இருந்தால் முதலாளியிடம் அங்கேயே, அமைதியாகச் சொல்லுங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடும் வாடிக்கையாளர்கள் இருக்கும் ஊரில்தான் நல்ல ஓட்டல்கள் நிலைக்கும்.