கடைவரம்புக்குத் தண்ணீர் வரும் வரை

தேரூர்

மக்களே,

உன் வாட்ஸ்அப் செய்தியைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். அதில் இருந்த வருத்தம் பிறகுதான் உறைத்தது. "சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தேன் பெரியப்பா. அவரும் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை, ரெண்டு நீலக் கோடுதான்" என்று எழுதியிருந்தாய். நேர்முகத் தேர்வு முடிந்தும் கம்பெனியில் இருந்து ஒரு சத்தமும் இல்லை, சாமியிடம் இருந்தும் இல்லை. கடைசியில், "எனக்குப் பொறுமை கிடையாது, எங்கள் தலைமுறைக்கே கிடையாது" என்று தீர்ப்பும் நீயே எழுதிவிட்டாய். அந்தத் தீர்ப்பைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செல்லில் எல்லாம் உடனே கிடைப்பதால் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று இங்கே திண்ணைக்குத் திண்ணை பேச்சு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ரேஷன் கடை வரிசையில் உன் பெரியம்மா நின்ற காலத்தில் புண்ணியம் ஏதும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் இருந்தே ரயில் டிக்கெட் எடுப்பது நல்ல காரியம். சீக்கிரம் கிடைப்பதில் குற்றமில்லை.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970 வாக்கில் வால்டர் மிஷெல் என்பவர் பொறுமையை வைத்துச் செய்த சோதனையைக் கேள்விப்பட்டிருப்பாய். குழந்தைக்கு முன்னால் ஒரு மிட்டாய். தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று உலகமெல்லாம் சொல்லிச் சொல்லி, பொறுமை என்பது பிறவிக்குணம் போல ஆகிவிட்டது. 2013இல் வெளியான ஆய்வில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலஸ்ட் கிட் குழுவினர் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். மிட்டாயை வைப்பதற்கு முன்னால், "படம் வரைய நல்ல சாமான்கள் கொண்டுவருகிறேன், கொஞ்சம் இரு" என்று குழந்தையிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம், "மன்னித்துக்கொள், இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் மூன்றே நிமிடம். மொத்தம் 28 குழந்தைகளை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். ஆனாலும் எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த மூன்று நிமிடப் பிள்ளைகளைப் பொறுமையில்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்? கணக்குத் தெரிந்த பிள்ளைகள், அவ்வளவுதான். நம்பிக்கை அடியில் இருந்தால்தான் பொறுமை மேலே நிற்கும்.

இது நம் வயலில் தினமும் நடக்கிற சங்கதி. 1897இல் தொடங்கி 1906இல் பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தார்கள். மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரையின் சமாதி அணைப்பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கோதையாற்றைத் தடுத்து வைத்திருக்கிற தண்ணீர், கால்வாய், கிளைக்கால், குளம் என்று பிரிந்து கடைவரம்புக்கு வந்து சேர நாளாகும். ஜூனில் கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறக்கும் தேதியைச் சொன்னதும் விவசாயி விதைநெல்லை நனைக்கப் போடுகிறான். நனைத்ததை வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள். அதற்குள் கையை விட்டுப் பார், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடும். நெல்லின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நனைத்த விதையைத் திரும்ப உலர்த்தி மூட்டை கட்ட முடியாது. தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை, விதை முளைத்துவிட்டது. நம்பிக்கை என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வரும்.

தூர் வாராத வாய்க்காலில் தண்ணீர் பாதியிலேயே நின்றுபோன வருஷங்களும் உண்டு. அடுத்த பூவுக்கு அந்த விவசாயி விதையை நனைக்க யோசிக்கிறான். அதற்கடுத்து வாழை வைக்கிறான். அப்புறம் வயல் வீட்டுமனையாகிறது. அவனுக்கும் பொறுமை இல்லை என்றுதான் ஊர் சொல்லும்.

செல்லுக்கு வருகிறேன். விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பக்கம் முடிந்தால் மனிதன் நிமிர்ந்து பார்ப்பான். முடியவே இல்லை என்றால் எப்போது நிமிர்வது? அது உனக்கு எந்த வாக்கும் கொடுப்பதில்லை. ஆகவே நீ அதை நம்பவும் வேண்டாம், அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணி வரை அப்படிப் பழகியவளுக்கு, மறுநாள் ஒரு மனிதரின் பதிலுக்காகக் காத்திருப்பது நெருப்பில் நிற்பது போல இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறு பொறு என்று சொல்கிற எல்லோரும் நல்லவர்கள் இல்லை. இதே மண்ணில், மார்பை மூட உரிமையில்லாதிருந்த நாடார் பெண்களில் மதம் மாறியவர்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போடலாம் என்று 1814இல் வெள்ளைக்கார அதிகாரி மன்றோ உத்தரவு போட்டார். 1829இல் திருவிதாங்கூர் அரசு, தோள்சீலை மட்டும் கூடாது என்று பிரகடனம் செய்தது. போட்ட பெண்களின் சீலையைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26இல்தான் நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மூடலாம் என்று அரசு இறங்கி வந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வாலை விட்டுவைத்தார்கள். அந்தப் பெண்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை, உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க யாருக்கு யோக்கியதை இருந்தது?

சாமி விஷயத்துக்கு வா. மேற்கே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்கு 2022 ஜூலை 6ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. அதற்கு முந்தியது 1604இல். 418 வருஷம் என்று பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதில் பக்தியைவிட அலட்சியம்தான் கூடுதலாகத் தெரிகிறது. நான் வியப்பது நடுவில் வந்து கும்பிட்டுப் போன பத்துப் பதினைந்து தலைமுறையை. குடமுழுக்கு என்ற ஒன்றை அவர்கள் கண்ணாலேயே பார்க்கவில்லை. என்ன கிடைத்தது என்று அவர்களிடம் கேட்டால் கேள்வியே புரியாது. 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டவரை ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை. ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்று, ஒரு வாசலில் முகம், ஒரு வாசலில் நாபி, ஒரு வாசலில் பாதம் என்று மூன்று வாசலாகத்தான் பார்க்க வேண்டும். நேர்ந்த வடைமாலையை வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போட்டுவிடு. பேரம் ஒன்று முடிந்துபோகும், பிறகு சும்மா கோயிலுக்குப் போகலாம்.

கம்பெனிக்காரர்கள் சாமி இல்லை, அவர்கள் கணக்கு வேறு. என்றைக்குச் சொல்வோம் என்று தேதி ஏதாவது கொடுத்தார்களா? நீ எழுதவில்லை. கொடுத்திருந்தால் அதுவரை இரு, அதற்குள் அடுத்த தேர்வுக்குப் படி. கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேள். அதற்கும் பதில் இல்லையா, அவர்களைப் பட்டியலில் இருந்து அடித்துவிட்டு வேறு இடத்துக்கு விண்ணப்பி. உன் விண்ணப்பத்தில் அப்பாவின் பழைய போன் நம்பர்தான் இன்னும் கிடக்கிறது. முதலில் அதை மாற்று.

அன்புடன்,
பெரியப்பா